வலைத்தளப் பக்கங்களுக்கு ஒரு வார்ப்புரு

வங்கியில் பணம் செலுத்தச் செல்வோர் ஒரு சீட்டை நிரப்பித் தருவதை நாம் அறிவோம். அச்சீட்டில் வங்கியின் பெயரும், கட்டங்களும், ‘தேதி’, ‘கணக்கு எண்’, ‘தொகை’ என்னும் சொற்களும் முன்னரே அச்சிடப்பட்டிருக்கும். செலுத்துபவர் தமக்குரிய விவரங்களை மட்டும் எழுதுகிறார். ஒவ்வொருவரும் வெறுந்தாளில் தமக்குத் தோன்றியவாறு எழுதித் தருவாராயின், அவற்றைப் படித்துக் கணக்கில் ஏற்றுவதற்கே ஊழியருக்குப் பொழுது போதாது. ஆகவே, எல்லாச் சீட்டுகளுக்கும் பொதுவானவை எவை, சீட்டுக்குச் சீட்டு மாறுபவை எவை என்று யாரோ ஒருவர் முதலில் சிந்தித்துப் பிரித்திருக்கிறார். பொதுவானவற்றை அச்சிட்டார், மாறுபவற்றுக்கு இடம் விட்டார்.

வலைத்தளம் அமைப்போருக்கும் இப்பிரிவினையே அடிப்படையாகும். பக்கங்கள் பல கொண்ட ஒரு தளத்தில் பொதுவானவற்றை ஓரிடத்தில் வைத்து, மாறுபவற்றுக்கு மட்டும் இடம்விட்டு வைக்கும் மூலக் கோப்புக்கு ‘டெம்ப்ளேட்’ என்று பெயர். தமிழில் இதனை வார்ப்புரு என்று வழங்குகிறோம். வார்ப்புருவின் அமைப்பையும், அதனைச் செய்யும் முறையையும், அதனால் விளையும் நன்மைகளையும், கையாளுவதில் நேரும் தவறுகளையும் இப்பாடத்தில் காண்போம்.

தேவை யாது?

ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் வலைத்தளத்தில் 240 பக்கங்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பகுதியிலும் நிலையத்தின் பெயரும் சின்னமும் உள்ளன. ஓரத்தில் பிற பக்கங்களுக்குச் செல்லும் இணைப்புகளின் பட்டியல் உள்ளது. அடியில் முகவரியும் தொலைபேசி எண்ணும் உள்ளன. நடுவில் இருக்கும் செய்தி மட்டுமே பக்கத்துக்குப் பக்கம் வேறுபடுகிறது. ஒன்றில் மண் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும் முறை. மற்றொன்றில் விதைகளின் விலை. பிறிதொன்றில் பயிர் நோய்களின் அறிகுறிகள்.

நிலையத்தின் தொலைபேசி எண் மாறிவிடுகிறது. பக்கங்கள் தனித்தனியே எழுதப்பட்டிருந்தால், ஒவ்வொன்றையும் திறந்து, பழைய எண்ணை நீக்கிப் புதிய எண்ணைச் சேர்த்துச் சேமிக்க வேண்டும். பக்கத்துக்கு 2 நிமிடம் என்று கணக்கிட்டாலும் 480 நிமிடங்கள், அதாவது ஒருவருக்கு முழுதாக 8 மணி நேரம் ஆகும். மிகக் கவனத்துடன் செய்பவரும் நூறில் ஒன்றைத் தவறவிடுவதாகக் கொண்டால், இரண்டு அல்லது மூன்று பக்கங்களில் பழைய எண்ணே நின்றுவிடும்.

இரண்டு மூன்று பக்கங்கள்தாமே என்று எண்ணலாகாது. வலைத்தளத்துக்கு வருவோர் அனைவரும் முகப்பு வழியாக நுழைவதில்லை. தேடுபொறியில் ‘மண் பரிசோதனை’ என்று தேடும் உழவர் நேராக அந்த உட்பக்கத்துக்கே வந்து சேர்கிறார். அவர் காணும் பக்கம் அந்த ஒன்றுதான். அதில் பழைய எண் இருந்தால், அவரைப் பொறுத்தவரை நிலையத்தின் எண் அதுவே. அவர் பல முறை அழைத்துப் பார்த்து, விடை கிடையாமல், பரிசோதனை செய்யாமலே உரமிட்டு விதைத்துவிடக்கூடும். எஞ்சிய 237 பக்கங்கள் சரியாக இருப்பதால் அவருக்கு ஒரு பயனும் இல்லை.

வார்ப்புருவும் அச்சிட்ட படிவமும்

வார்ப்புரு முறையைக் கையாளும் மென்பொருள்களுள் பலரும் அறிந்தது டிரீம்வீவர் ஆகும். இது 1997ஆம் ஆண்டில் மாக்ரோமீடியா நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. 2005ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தை அடோபி நிறுவனம் வாங்கியபோது இம்மென்பொருளும் அதன் வசமாயிற்று. வார்ப்புருவின் இயல்பைக் கற்பதற்கு இதனை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஏனெனில், பிற மென்பொருள்களில் மறைவாக நிகழும் செயல்கள் இதில் கண்ணுக்குப் புலப்படும்படி நிகழ்கின்றன.

மூல வார்ப்புருவைத் தாய்ப் பக்கம் என்றும், அதிலிருந்து உருவாகும் பக்கங்களைச் சேய்ப் பக்கங்கள் என்றும் குறிப்பிடுவோம். அச்சிட்ட படிவத்துக்கும் வார்ப்புருவுக்கும் இடையே ஒரு முக்கியமான வேற்றுமை உண்டு. அச்சகத்திலிருந்து வெளிவந்த படிவத்துக்கும் அச்சுக்கும் அதன்பின் தொடர்பு இல்லை. அச்சைத் திருத்தினால் இனி அச்சாகும் படிவங்களே திருந்தும். முன்னர் வழங்கப்பட்டவை திருந்தா. சேய்ப் பக்கமோ தன் தாய்ப் பக்கத்தின் பெயரைத் தன்னுள்ளேயே குறித்து வைத்திருக்கிறது. ஆதலால், தாய்ப் பக்கத்தைத் திருத்தினால், முன்பே எழுதி நிரப்பிய சேய்ப் பக்கங்களையும் அதற்கேற்பத் திருத்த இயலும். நிரப்பிய செய்திகள் அப்படியே இருக்கும். சுற்றியுள்ள பொதுப்பகுதி மட்டும் மாறும். வார்ப்புருவின் பயன் முழுவதும் இத்தொடர்பில் அடங்கியுள்ளது.

அகவமைப்பு

வலைப்பக்கம் எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழியில் எழுதப்படுகிறது. அம்மொழியில், திரையில் தோன்றாத குறிப்புகளையும் எழுதி வைக்கலாம். டிரீம்வீவர் அத்தகைய குறிப்புகளைக் கொண்டே வார்ப்புருவை நடத்துகிறது. தாய்ப் பக்கத்தில் மாறத்தக்க பகுதி எங்கே தொடங்குகிறதோ அங்கே ஒரு தொடக்கக் குறிப்பும், எங்கே முடிகிறதோ அங்கே ஒரு முடிவுக் குறிப்பும் இடப்படுகின்றன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது ‘எடிட்டபிள் ரீஜன்’, அதாவது திருத்தற்குரிய பகுதி. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெயர் உண்டு. குறிப்புகளுக்கு வெளியே உள்ளவை யாவும் பூட்டிய பகுதிகள். சேய்ப் பக்கத்தைத் திறப்பவர் பூட்டிய பகுதியில் எழுத முயன்றால் மென்பொருள் இடங்கொடாது.

இங்கே ஓர் உண்மையை மனத்தில் இருத்த வேண்டும். வாசகர் ஒரு பக்கத்தைக் காணும்பொழுது தாய்ப் பக்கம் எவ்வகையிலும் குறுக்கே வருவதில்லை. சேய்ப் பக்கம் ஒவ்வொன்றும் தலை முதல் அடி வரை முழுமையான ஒரு கோப்பு. பொதுப்பகுதியின் நகல் ஒவ்வொன்றிலும் எழுதப்பட்டே இருக்கிறது. தாய்ப் பக்கத்தைத் திருத்தும்பொழுது, மென்பொருள் நம் கணிப்பொறியிலுள்ள எல்லாச் சேய்ப் பக்கங்களையும் தேடிப் பிடித்து, அவற்றிலுள்ள நகல்களை மாற்றி எழுதுகிறது. நாம் கையால் செய்யவிருந்த 8 மணி நேர வேலையை அது சிறிது நேரத்தில், ஒன்றையும் விடாமல் செய்கிறது.

செய்முறை

முதலாவதாக, தளத்தின் கோப்புகள் அனைத்தும் அடங்கிய உறையை மென்பொருளுக்கு ‘சைட்’ என்று அறிவித்தல் வேண்டும். எல்லை தெரிந்தாலன்றி அது சேய்ப் பக்கங்களைத் தேடிக் கண்டுபிடிக்க இயலாது.

இரண்டாவதாக, மாதிரிப் பக்கம் ஒன்றை முழுமையாக அமைத்துக்கொள்ள வேண்டும். வெற்றுக் கட்டங்களை வைத்து வார்ப்புருவைத் தொடங்குவதைவிட, உண்மையான செய்தி நிரம்பிய ஒரு பக்கத்தை வைத்துத் தொடங்குவதே நலம். நீண்ட தலைப்பு வந்தால் என்ன ஆகும், அட்டவணை வந்தால் இடம் போதுமா என்பன அப்பொழுதே தெரியவரும்.

மூன்றாவதாக, ‘சேவ் ஆஸ் டெம்ப்ளேட்’ என்னும் கட்டளையால் அப்பக்கத்தை வார்ப்புருவாகச் சேமிக்க வேண்டும். தளத்தின் உறைக்குள் ‘டெம்ப்ளேட்ஸ்’ என்னும் தனி உறை உண்டாகி, அதில் ‘டி.டபிள்யூ.டி.’ என்னும் ஈற்றுடன் கோப்பு அமையும். இந்நிலையில் பக்கத்தின் உடற்பகுதி முழுவதும் பூட்டியே இருக்கும்.

நான்காவதாக, மாறத்தக்க இடங்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, ‘எடிட்டபிள் ரீஜன்’ என்னும் கட்டளையால் திறந்துவிட்டு, பெயரிட வேண்டும். ‘தலைப்பு’, ‘முதன்மைச் செய்தி’, ‘சரிபார்த்த தேதி’ என்பன போன்று பொருள் விளங்கும் பெயர்களே ஏற்றவை. பெயர்களில் மேற்கோள் குறிகளும் கோணக் குறிகளும் இடம் பெறலாகா.

ஐந்தாவதாக, இவ்வார்ப்புருவைத் தேர்ந்து புதிய பக்கங்களை உண்டாக்கி நிரப்ப வேண்டும். பின்னர் தொலைபேசி எண் மாறுமாயின், தாய்ப் பக்கத்தில் ஒருமுறை மாற்றிச் சேமித்தால் போதும். சேய்ப் பக்கங்களையும் திருத்தலாமா என்று மென்பொருள் வினவும். இசைவு தந்தவுடன் அவை திருத்தப்படும். அதன்பின், திருந்திய பக்கங்கள் அனைத்தையும் சர்வருக்கு அனுப்ப வேண்டும்.

எதைப் பூட்டுவது, எதைத் திறப்பது?

கட்டளைகளை ஒரே நாளில் கற்றுவிடலாம். எதைப் பூட்டுவது என்று முடிவு செய்வதுதான் உண்மையான வேலை. இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு விவரம் மாறினால் அது எல்லாப் பக்கங்களிலும் ஒருங்கே மாற வேண்டுமா? ஆம் எனில் அதனைப் பூட்டுக. ஒரு பக்கத்தில் மட்டும் மாற வேண்டுமா? ஆம் எனில் அதனைத் திறந்து வைக்க.

நிலையத்தின் பெயர், முகவரி, தொலைபேசி எண், இணைப்புப் பட்டியல் ஆகியவை முதல் வகை. பக்கத்தின் தலைப்பு, செய்தி, அதற்குரிய படம் ஆகியவை இரண்டாம் வகை. பக்கத்தைச் சரிபார்த்த தேதி இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். தேதி எல்லாப் பக்கங்களிலும் ஒரே இடத்தில் தோன்றுவதால், அதனையும் பொதுப்பகுதி என்று எண்ணிப் பூட்டிவிடுகின்றனர். அவ்வாறு பூட்டினால், ஒரு பக்கத்தைச் சரிபார்த்த அன்று 240 பக்கங்களும் சரிபார்க்கப்பட்டதாகத் தேதி காட்டும். மூன்றாண்டுகளுக்கு முந்தைய விதை விலை, நேற்றுப் பார்த்தது போன்ற தோற்றத்துடன் நிற்கும். ‘சரிபார்த்த தேதி’ என்னும் சொற்களைப் பூட்டலாம், தேதியைப் பூட்டலாகாது.

மிகுதியாகப் பூட்டுவதும் குறை, மிகுதியாகத் திறப்பதும் குறை. முழுவதையும் திறந்து வைத்தால் வார்ப்புரு இருந்தும் இல்லாததே. மிகவும் இறுக்கிப் பூட்டினாலோ, செய்தி எழுதுவோர் தமக்கு வேண்டிய இடம் கிடையாமல், ‘டிடாச்’ என்னும் கட்டளையால் பக்கத்தைத் தாயிடமிருந்து அறுத்துக்கொள்வர். அறுக்கப்பட்ட பக்கம் பார்வைக்கு மற்றவை போலவே இருக்கும். ஆனால் அடுத்த திருத்தம் அதனை எட்டாது. தளத்தில் பழைய எண் தங்கிவிடும் பக்கங்களுள் பல இவ்வாறு அறுந்தவையே.

இவ்விரு குறைகளுக்கும் இடையே வழி காண்பதற்கு மேலும் இருவகைப் பகுதிகள் உள்ளன. ஒன்று ‘ஆப்ஷனல் ரீஜன்’ என்னும் விருப்பப் பகுதி. சில பக்கங்களில் தோன்றி, சிலவற்றில் தோன்றாதிருக்க வேண்டியவற்றுக்கு இது பயன்படும். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் குறிக்கும் பெட்டி அறிவிப்புப் பக்கங்களுக்குத் தேவை. பயிர் நோய்ப் பக்கத்துக்குத் தேவையில்லை. மற்றொன்று ‘ரிப்பீட்டிங் ரீஜன்’ என்னும் மீள்பகுதி. ஓர் அமைப்பை வேண்டும் தடவை பெருக்கிக்கொள்வதற்கு இது உதவும். மண் பரிசோதனைக் கட்டண அட்டவணையில் மூன்று வரிகள் வேண்டுமா, முப்பது வரிகள் வேண்டுமா என்பதை எழுதுபவரே தீர்மானிக்கலாம். வரியின் அமைப்பு மட்டும் மாறாது.

பார்வையற்றோர்க்குப் பயன்

வார்ப்புரு ஊழியரின் நேரத்தை மிச்சப்படுத்தும் சாதனம் மட்டுமன்று. பார்வையற்றோர், திரையிலுள்ளதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருளின் துணையால் வலைப்பக்கங்களைக் கேட்டறிகின்றனர். பார்வையுள்ளவர் இணைப்புப் பட்டியலை ஒரு நொடியில் கடந்து செய்திக்கு வந்துவிடுவார். செவியால் படிப்பவரோ, ஒவ்வொரு பக்கத்திலும் பட்டியல் முழுவதையும் கேட்ட பின்னரே செய்தியை அடைய நேரிடும். இதனைத் தவிர்ப்பதற்காக, பக்கத்தின் தொடக்கத்திலேயே ‘முதன்மைச் செய்திக்குச் செல்க’ என்னும் இணைப்பு ஒன்றை வைப்பது வழக்கம். வார்ப்புருவின் பூட்டிய பகுதியில் ஒருமுறை வைத்தால் அது 240 பக்கங்களிலும் அமைந்துவிடும்.

உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2008 டிசம்பரில் வெளியிட்ட அணுகல் நெறிமுறைகளின் 2.0 பதிப்பு, மீண்டும் மீண்டும் வரும் இணைப்புப் பட்டியல் பக்கந்தோறும் ஒரே வரிசையில் இருத்தல் வேண்டும் என்கிறது. இந்திய அரசு வலைத்தளங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகள் 2009ஆம் ஆண்டில் வெளிவந்தன. அவற்றின் மூன்றாம் பதிப்பு 2023இல் வெளிவந்தது. தளம் முழுவதும் ஒரே சீரான அமைப்பு வேண்டும் என்பது அவற்றிலும் வற்புறுத்தப்படுகிறது. கையால் எழுதிய பக்கங்களில் இச்சீர்மையைக் காப்பது அரிது. வார்ப்புருவில் அது இயல்பாகவே அமைகிறது.

பல மொழிகளில் நடக்கும் தளங்களில் மற்றொரு கவனமும் வேண்டும். பக்கம் எம்மொழியில் உள்ளது என்பதைக் கோப்பின் தொடக்கத்தில் ஒரு குறியால் அறிவிக்க வேண்டும். படிக்கும் மென்பொருள் அக்குறியைக் கொண்டே எம்மொழிக் குரலில் படிப்பது என்று தேர்கிறது. ஆங்கிலத்துக்கு அமைத்த வார்ப்புருவில் அக்குறி பூட்டப்பட்டிருக்க, அதிலேயே தமிழ்ப் பக்கங்களையும் உண்டாக்கினால், கண்ணுக்கு யாதொரு குறையும் தெரியாது. ஆனால் தமிழ் எழுத்துகளை ஆங்கிலக் குரல் படிக்க முற்பட்டுக் குழப்பும். எனவே மொழிக்கு ஒரு வார்ப்புரு அமைப்பதே நேரிய வழி. பொதுவான திருத்தத்தை மும்மொழித் தளத்தில் மூன்று முறை செய்ய நேரும். 240 முறை செய்வதோடு ஒப்பிட்டால் அது பெரிதன்று.

நேரும் தவறுகள்

வார்ப்புருவைப் புதிதாகக் கையாளுவோர் சில தவறுகளைச் செய்கின்றனர். அவற்றை முன்னரே அறிந்திருத்தல் நலம்.

1. தாய்ப் பக்கத்தை மட்டும் சர்வருக்கு அனுப்பிவிட்டு, தளம் திருந்திவிட்டதாக எண்ணுதல். சேய்ப் பக்கங்கள் முழுமையான கோப்புகள் என்று முன்னர்க் கண்டோம். அவற்றை அனுப்பினாலன்றி வாசகர் பழையதையே காண்பார். தாய்ப் பக்கத்தை அனுப்ப வேண்டிய தேவையே இல்லை.

2. திருத்தத்தின்போது திறந்திருந்த சேய்ப் பக்கங்களைச் சேமிக்காமல் மூடுதல். திறந்துள்ள பக்கங்களை மென்பொருள் திருத்துமேயன்றிச் சேமிப்பதில்லை. சேமிப்பது நம் பொறுப்பு.

3. வார்ப்புருவை அதன் உறையிலிருந்து வேறிடத்துக்கு மாற்றுதல். உறையைப் பெயர்த்தால் தாய்க்கும் சேய்க்கும் உள்ள தொடர்பு கெடும்.

4. தாய்ப் பக்கத்தில் இணைப்புகளின் வழியைக் கையால் எழுதுதல். அவ்வழி ‘டெம்ப்ளேட்ஸ்’ உறையிலிருந்து தொடங்குவதாக அமைய வேண்டும். சேய்ப் பக்கம் இருக்கும் இடத்துக்கேற்ப மென்பொருளே அதனை மாற்றிக்கொள்ளும். சேய்ப் பக்கத்தை மனத்தில் வைத்து எழுதினால் இணைப்பு அறுந்து, படங்கள் தோன்றாமற் போகும். கோப்பைச் சுட்டித் தேர்ந்தெடுப்பதே பிழையற்ற முறை.

5. ஒரு திருத்தற்குரிய பகுதியை நீக்குதல் அல்லது பெயர் மாற்றுதல். அப்பகுதியில் முன்னர் எழுதிய செய்தி போக்கிடமின்றி நிற்கும். அதனை எப்பகுதியில் சேர்ப்பது என்று மென்பொருள் வினவும். அவ்வினாவுக்கு ‘நோவேர்’, அதாவது எங்கும் இல்லை, என்று விடை தந்தால் அச்செய்தி சேய்ப் பக்கங்களிலிருந்து நீங்கிவிடும். பல மாத உழைப்பு ஒரே நொடியில் அழிவதற்கு இவ்வொரு விடை போதும். ஆகவே, பகுதிகளை மாற்றும் முன் தளம் முழுவதையும் நகல் எடுத்து வைத்தல் இன்றியமையாதது.

6. பூட்டு மிக உறுதியானது என்று நம்புதல். அது குறிப்புகளால் ஆன பூட்டு. சாதாரண எழுத்துக் கோப்புகளைத் திருத்தும் வேறொரு மென்பொருளில் திறந்தால், எவரும் எதனையும் மாற்றலாம். அடுத்த திருத்தத்தின்போது அம்மாற்றம் சொல்லாமல் அழிந்துவிடும். பூட்டிய பகுதியில் மாற்றம் வேண்டுமாயின் அதனைத் தாய்ப் பக்கத்திலேயே செய்ய வேண்டும் என்பதை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

எல்லைகளும் பிற முறைகளும்

எழுத்தின் அளவு, நிறம், இடைவெளி ஆகிய தோற்ற விவரங்களை வார்ப்புருவில் எழுதுவது பொருந்தாது. அவற்றுக்கு சி.எஸ்.எஸ். என்னும் பாணித்தாள் உள்ளது. பக்கங்கள் யாவும் ஒரே பாணித்தாளைச் சுட்டுமாயின், அதில் செய்யும் மாற்றம், சேய்ப் பக்கங்களை மீண்டும் அனுப்பாமலே, எங்கும் தோன்றும். வார்ப்புரு பக்கத்தின் கட்டமைப்பைக் காக்கட்டும். பாணித்தாள் தோற்றத்தைக் காக்கட்டும்.

பக்கங்கள் பல ஆயிரமாகப் பெருகும்பொழுது, ஒரு சிறு திருத்தத்துக்காக அவை அனைத்தையும் சர்வருக்கு அனுப்புவது சுமையாகிவிடும். அத்தகைய தளங்களில், பொதுப்பகுதியைச் சர்வரிலேயே ஒரு தனிக் கோப்பாக வைத்து, வாசகர் கேட்கும் நேரத்தில் செய்தியோடு சேர்த்துத் தரும் முறை கையாளப்படுகிறது. 2001இல் வெளிவந்த துரூப்பல், 2003இல் வெளிவந்த வேர்டுபிரஸ் முதலிய உள்ளடக்க மேலாண்மை மென்பொருள்கள் செய்திகளைத் தரவுத்தளத்தில் வைத்து, வார்ப்புருவோடு அவ்வப்போது இணைத்துப் பக்கங்களை உண்டாக்குகின்றன. இணையும் இடமும் காலமும் வேறுபட்டாலும், பொதுவானதையும் மாறுவதையும் பிரித்தறிதல் என்னும் கொள்கை ஒன்றே. ஒன்றில் அதனை நன்கு கற்றவர்க்கு மற்றவை எளிதில் கைவரும்.

வார்ப்புரு தவறுகளைத் தானாகத் தடுத்துவிடும் என்று கருதலாகாது. தாய்ப் பக்கத்தில் எண்ணைத் தவறாக எழுதினால் அத்தவறும் 240 பக்கங்களில் ஒருங்கே பரவும். ஆயினும், பார்க்க வேண்டிய இடம் ஒன்றாகிவிடுகிறது. ஓரிடத்தில் இருவர் சரிபார்ப்பது இயலும். 240 இடங்களில் இயலாது. தொலைவிலிருந்து எந்தப் பக்கத்தின் வழியாக வரும் உழவரும் அதே எண்ணை, சரியான எண்ணைக் காண்பார் என்று உறுதியாகச் சொல்லும் நிலை அப்பொழுதுதான் உண்டாகிறது.

பயிற்சி

1. தங்கள் அலுவலகம் அல்லது கல்லூரியின் வலைத்தளத்தில் ஐந்து பக்கங்களைப் பார்வையிட்டு, ஐந்திலும் மாறாதவற்றையும் மாறுபவற்றையும் இரு பட்டியல்களாக எழுதுக.

2. ‘சரிபார்த்த தேதி’ போன்று, ஒரே இடத்தில் தோன்றினும் பூட்டத் தகாத வேறு இரண்டு விவரங்களைக் கூறுக.

3. ஒரு சேய்ப் பக்கத்தைத் தாய்ப் பக்கத்திலிருந்து அறுத்த பின், தாய்ப் பக்கத்தில் ஒரு சொல்லை மாற்றிச் சேமித்துப் பார்க்க. விளைவை மற்றொரு சேய்ப் பக்கத்தோடு ஒப்பிட்டு எழுதுக.